தாராவி: கீழ்வீடும் மேல்வீடும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்கு ஒருவராவது மும்பையில் உள்ள தாராவிக்குப் போயிருப்பார்கள். என் பெரியப்பாவும் அங்கே தோல் பதனிடும் வேலைக்குப் போனவர்தான். அவர் பிள்ளைகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். பஞ்சம் பிழைக்கப் போனவர்கள் உருவாக்கிய சேரிதானே அது? இப்போது மறுசீரமைப்புத் திட்டம் என்று சொல்லி அடுக்குமாடி வீடு இலவசம் என்கிறார்கள். அதை ஏன் எதிர்க்க வேண்டும்?

க., தென்காசி

அன்புள்ள க.,

நீங்கள் சொல்வது பாதிதான் சரி. மாஹிம் கழிமுகத்தை ஒட்டிய தாராவி முதலில் கோலி மீனவர்களின் குப்பம். பம்பாய் நகரம் தனக்கு ஆகாததையெல்லாம் அங்கே தள்ளியது. தோல் நாறுகிறது என்று பதனிடுவோரைத் துரத்தியது. சூளைப் புகை கண்ணைக் கரிக்கிறது என்று சௌராஷ்டிரக் குயவர்களையும் கிளப்பியது. செருப்பும் பானையும் மட்டும் வேண்டியிருந்தன! நெல்லைச் சீமையின் முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் போய்ச் சேர்ந்தது அந்தத் தோல் வேலைக்குத்தான். பிறகு உத்தரப் பிரதேசத்து ஜரிகைத் தொழிலாளர்கள் வந்தார்கள். குப்பையும் மண்ணும் கொட்டிச் சதுப்பை மேடாக்கியவர்கள் குடியிருந்தவர்களே.

வறுமையோடு அவர்கள் மல்லுக்கட்டியது அரசுத் திட்டத்தை நம்பி அல்ல. கோலார் தங்கவயலில் பிறந்த ஜோக்கின் அற்புதம் 1970களில் தேசியக் குடிசைவாழ்வோர் கூட்டமைப்பைத் தொடங்கினார். அதோடு சேர்ந்து இயங்கிய மகிளா மிலன் என்ற அமைப்பின் பெண்கள் தினமும் மிச்சம் பிடித்த சில்லறையைச் சேர்த்தார்கள். குடிசைகளைத் தாங்களே எண்ணிக் கணக்கெடுத்தார்கள். கணக்கு கையில் இருந்தால்தான் அதிகாரி உட்காரச் சொல்வார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அற்புதத்துக்கு 2000இல் மகசேசே விருது கிடைத்தது.

இனி உங்கள் கேள்வி. தாராவியில் வீடுதான் பட்டறை. பை தைப்பவர் இரவில் தையல் மெஷினை ஓரம் தள்ளிவிட்டுப் பாய் விரிக்கிறார். குயவர்கள் குடியிருக்கும் கும்பார்வாடாவில் வாசலிலேயே பானை காய்கிறது, முற்றத்தில் சூளை எரிகிறது. பத்தாவது மாடியில் சூளை மூட்டுவது எப்படி? தகுதியுள்ளவர்களுக்கு 350 சதுர அடி வீடு என்கிறது மறுசீரமைப்புத் திட்ட அறிவிப்பு. வீடு நிச்சயம் நல்லதுதான். கூடவே பிழைப்புக்கும் இடம் கேட்கிறார்கள், அதைப் பேராசை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

தகுதி என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத்தான் தாராவிக்குள் இலவச வீடு. மேல்தளத்துக்காரர்களுக்குத் தாராவிக்கு வெளியேதான் இடம், அதுவும் இலவசமில்லை. உங்கள் பெரியப்பா பிள்ளைகள் இருப்பது கீழ்வீட்டிலா, மேல்வீட்டிலா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.