வேலூரிலிருந்து பறப்பவர்களுக்கு: உள்நாட்டு பிசினஸ் கிளாஸுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கம் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் வேலையில் நீண்ட காலமாக இருக்கிறேன். உள்நாட்டு விமானத்தில் பிசினஸ் கிளாஸ் எடுப்பது இன்னும் கட்டுப்படியாகுமா என்று கேட்டு வந்த கேள்விகளுக்கு இங்கே ஒன்றாகப் பதில் சொல்கிறேன். டிக்கெட் விலை மணிக்கு மணி மாறும். அதனால் கீழே வரும் விலைகளெல்லாம் கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்காக மட்டும்.

காட்பாடி, ஐடி ஊழியர்: அக்கா, வேலை விஷயமாக அடிக்கடி சென்னை–டில்லி போகிறேன். கம்பெனி எகானமிக்குத்தான் பணம் கொடுக்கும். மீதியை நான் போட்டு பிசினஸ் எடுக்கலாமா? முன்பு போய் வந்தவர்கள் அந்த வசதியே வேறு என்கிறார்கள்.

பதில்: அவர்கள் சொல்வது உண்மைதான் தம்பி. கிங்ஃபிஷர் 2012-ல் நின்றது, ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது, விஸ்தாரா 2024 நவம்பர் 12-ல் ஏர் இந்தியாவோடு இணைந்துவிட்டது. ஒரே வழித்தடத்தில் இரண்டு மூன்று கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு சாப்பாடும் உபசாரமும் கொடுத்த காலம் அது. இப்போது உள்நாட்டில் முழு பிசினஸ் கிளாஸ் என்றால் பெரும்பாலும் ஏர் இந்தியாதான். இண்டிகோ 2024 நவம்பரில் டில்லி–மும்பையில் 'ஸ்ட்ரெட்ச்' என்ற பிசினஸ் பிரிவைத் தொடங்கியது.

இருக்கையை மட்டும் பார்த்தால் வித்தியாசம் பெரியது. ஏர் இந்தியாவின் புதுப்பித்த ஏ320 நியோவில் முன்னால் 8 பிசினஸ் இருக்கைகள், பக்கத்துக்கு இரண்டாக. வரிசைக்கு வரிசை 40 அங்குல இடைவெளி. அதே விமானத்தின் எகானமியில் சுமார் 28, 29 அங்குலம்தான். இண்டிகோ ஸ்ட்ரெட்சில் 38 அங்குலம், அகலம் 21 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். நடு இருக்கை இரண்டிலும் கிடையாது. ஆனால் இவை சாய்ந்து உட்காரும் இருக்கைகள்தான், படுக்க முடியாது. படுக்கை வேண்டுமென்றால் ட்ரீம்லைனர், ஏ350 மாதிரியான பெரிய விமானம் உள்நாட்டில் ஓடும் நாளைப் பார்த்து எடுக்க வேண்டும். முன்பதிவு செய்யும்போதே விமான வகை தெரியும். ஒரே விலைக்கு இரண்டு வகை ஓடினால் பெரியதை எடுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் எகானமி அல்லாத விமான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது. எகானமிக்கும் பிசினஸுக்கும் நடுவிலுள்ள பிரீமியம் எகானமிக்கும் அதே 18தான். எகானமிக்கு பழையபடி 5. அடிப்படைக் கட்டணம் 20,000 என்றால் முன்பு 2,400 வரி, இப்போது 3,600.

எகானமி 7,000, பிசினஸ் 24,000 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 17,000. சென்னை–டில்லி பறக்கும் நேரம் இரண்டே முக்கால் மணி. ஆக, மணிக்கு ஆறாயிரத்துக்கு மேல் அந்த இருக்கைக்குக் கொடுக்கிறீர்கள். நம் ஊர்க்காரர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: நமக்குப் பயணத்தின் கஷ்டமான பாதி விமானத்தில் இல்லை, தரையில் இருக்கிறது. காலை 6 மணி விமானம் என்றால் நள்ளிரவு ஒரு மணிக்குக் காட்பாடியில் கார் ஏற வேண்டும். வாலாஜாவிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை சாலை வேலை எங்கே நடக்கிறது, எங்கே லாரி நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. தூக்கமில்லாத அந்த மூன்று மணி நேரத்தை முன் இருக்கை சரிசெய்யாது. அந்தப் பதினேழாயிரத்தில் பாதிகூட வேண்டாம், முந்தின நாள் மாலையே போய் மீனம்பாக்கம் பக்கம் ஒரு நல்ல அறையில் தூங்கி எழுந்து போகலாம். எகானமியில் முன் பக்கமாக, காசு கொடுத்துக் கால் நீட்ட இடமுள்ள ஒரு சீட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். மறுநாள் மீட்டிங்கில் உங்கள் முகம் தெளிவாக இருக்கும்.

லவுஞ்சுக்காக மட்டும் பிசினஸ் எடுக்காதீர்கள். உங்கள் கிரெடிட் கார்டிலேயே அந்த வசதி இருக்கலாம். ஆனால் போன காலாண்டில் இவ்வளவு செலவு செய்திருக்க வேண்டும் என்று பல வங்கிகள் நிபந்தனை போட்டுவிட்டன, பார்த்துக்கொள்ளுங்கள்.

ராணிப்பேட்டை, தோல் ஏற்றுமதி: மேடம், வாங்குபவர்களைப் பார்க்க டில்லி, கொல்கத்தா போக வேண்டியிருக்கிறது. கம்பெனி கணக்கில் எடுத்தால் 18 சதவீத வரி பாரமாகுமா?

பதில்: உங்களுக்குக் கணக்கே வேறு அண்ணா. தொழில் விஷயமான பயணம் என்றால் அந்த ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம், அதாவது கம்பெனி கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். முக்கியமான நிபந்தனை, முன்பதிவு செய்யும்போதே கம்பெனியின் ஜிஎஸ்டி எண்ணும் பெயரும் டிக்கெட்டில் ஏற வேண்டும். பிறகு சேர்க்கச் சொன்னால் தலைவலி. அப்புறம் விமானக் கம்பெனியின் தளத்திலிருந்து வரி இன்வாய்ஸைத் தனியாக இறக்கி ஆடிட்டரிடம் கொடுங்கள். போர்டிங் பாஸ் மட்டும் போதாது. குடும்பத்தோடு சுற்றுலா போய்விட்டு அதையும் இதில் சேர்க்கக் கூடாது.

ஆக, வீட்டுக்காக எடுப்பவரைவிட உங்களுக்கு பிசினஸ் கிளாஸ் உண்மையிலேயே மலிவு. அதோடு உங்கள் வேலையில் மீட்டிங் ஒரு நாள் தள்ளிப் போவது சாதாரணம். தேதி மாற்றக் கட்டணம் குறைவாக உள்ள கட்டண வகையாகப் பார்த்து எடுத்தால் இரண்டு முறை மாற்றியதிலேயே வித்தியாசம் கொஞ்சம் திரும்பிவிடும். பிசினஸிலேயே மலிவான கட்டண வகைகளுக்கு ரத்துக் கட்டணம் உண்டு என்பதை மறக்காதீர்கள்.

குடியாத்தம், இல்லத்தரசி: அக்கா, அம்மாவுக்கு 68 வயது. முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து சில வாரங்கள் ஆகின்றன. டில்லியில் தங்கை வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். பிசினஸ் கிளாஸ் எடுத்தால் நல்லதா? வீட்டில் எல்லோரும் வீண் செலவு என்கிறார்கள்.

பதில்: வீண் செலவு இல்லை மா. உள்நாட்டு பிசினஸ் கிளாஸை நான் தயங்காமல் எடுக்கச் சொல்வது இந்த மாதிரிப் பயணத்துக்குத்தான். மடக்க முடியாத காலுக்கு 29 அங்குலத்தில் இடமில்லை. எமர்ஜென்சி கதவுப் பக்க வரிசையில் இடம் அதிகம், அங்கே போடலாமே என்று யாராவது சொல்வார்கள். அந்த வரிசையில் ஆபத்து நேரத்தில் கதவைத் திறந்து உதவக்கூடியவர்களை மட்டும்தான் உட்கார வைப்பார்கள். அம்மாவைக் கடைசி நேரத்தில் எழுப்பி வேறு சீட்டுக்கு மாற்றிவிடுவார்கள்.

எகானமியின் முதல் வரிசையில் இன்னொரு சிக்கல். சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் மடிந்திருப்பதால் அந்தக் கைப்பிடி மேலே தூக்க வராது. சக்கர நாற்காலியிலிருந்து பக்கவாட்டில் நகர்ந்து உட்கார முடியாது. பிசினஸ் இருக்கையிலும் கைப்பிடி பெரும்பாலும் நிலையானதுதான். ஆனால் முன்னால் இடம் இருப்பதால் நின்று திரும்பி உட்காரலாம். அம்மாவால் ஒருவர் கை கொடுத்தால் நிற்க முடியுமா என்பதை முதலில் பாருங்கள். முடியும் என்றால் பிசினஸ் நல்லது.

செய்ய வேண்டியவை: அறுவை சிகிச்சை செய்த டாக்டரிடம் பறக்கலாம் என்று கடிதம் வாங்குங்கள். விமானக் கம்பெனிக்கு மெடிஃப் என்ற மருத்துவப் படிவம் தேவையா என்று கேட்டு, தேவையென்றால் அதையும் அவரிடமே நிரப்பி வாங்குங்கள். சக்கர நாற்காலி உண்மையில் தேவைப்படுபவருக்கு இலவசம், முன்பதிவின்போதே கேளுங்கள். குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் சொல்லியிருக்க வேண்டும். படி ஏற முடியாது என்றால் அதைத் தனியாகச் சொல்லுங்கள். விமானம் பாலத்தோடு ஒட்டி நிற்காமல் தூரத்தில் நின்றால் தூக்கும் வண்டி ஏற்பாடு செய்ய வேண்டும்.

எல்லோரும் விட்டுவிடும் ஒரு விஷயம் காலில் ரத்தம் உறைவது. இந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு அந்த அபாயம் அதிகம். பிசினஸில் உட்கார்ந்தால் வராது என்று நினைக்காதீர்கள், நீண்ட நேரம் அசையாமல் உட்காருவதுதான் காரணம். குடியாத்தத்திலிருந்து சென்னை விமான நிலையம் வரை காரில் போகும் மூன்று நான்கு மணி நேரமும் அதில் சேரும். காஞ்சிபுரம் பிரிவு அருகே வண்டியை நிறுத்தி அம்மாவை நாலு எட்டு நடக்க வையுங்கள். மருந்து, அழுத்தக் காலுறை பற்றி டாக்டர் சொன்னபடி செய்யுங்கள். பின் சீட்டில் கால் நீட்டும்படி பெரிய காராக எடுங்கள். இரண்டுக்கும் சேர்த்துப் பணமில்லை என்றால் முதலில் காரைத்தான் பார்ப்பேன்.

மேல்விஷாரம், வணிகர்: பிசினஸ் கிளாஸ் சாப்பாடு ஹலாலா?

பதில்: தானாக வராது பாய், கேட்டு வாங்க வேண்டும். ஏர் இந்தியாவில் 'முஸ்லிம் மீல்' என்று முன்கூட்டியே பதிவு செய்த சிறப்புச் சாப்பாடுதான் ஹலால் சான்றோடு வரும். முன்பதிவு செய்யும் கையோடு இதையும் போட்டுவிடுங்கள், விமானத்தில் ஏறிக் கேட்டால் கிடைக்காது. சாப்பாட்டுக்காகவே பிசினஸ் எடுக்க வேண்டியதில்லை. ஏர் இந்தியா எகானமியிலும் இதைப் பதிவு செய்யலாம்.

ஆற்காடு, அரசுப் பள்ளி ஆசிரியர்: அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் முடிந்தது. அவரும் அம்மாவும் விமானம் ஏறியதே இல்லை. காசிக்கு அனுப்பி வைக்க ஆசை. பிசினஸ் கிளாஸில் அனுப்பினால் சந்தோஷப்படுவார்களா?

பதில்: உங்கள் ஆசை நல்ல ஆசை சார். செலவு செய்ய மனமும் வசதியும் இருந்தால் செய்யுங்கள், இதில் லாப நஷ்டம் பார்க்க வேண்டாம். ஆனால் ஒன்று: சென்னையிலிருந்து வாரணாசிக்கு நேரடி விமானம் கிடைக்கும் நாளாக இருந்தால் எகானமியானாலும் அதையே எடுங்கள். பிசினஸ் வேண்டும் என்பதற்காக டில்லியில் இறங்கி, காத்திருந்து, மறுபடி ஏற வைத்தால் முதல் முறை போகிற பெரியவர்கள் பதறிப் போவார்கள். எந்த கேட், எந்தப் பெட்டி, இந்தியில் என்ன சொல்கிறார்கள் என்ற கவலையிலேயே அந்தச் சொகுசு தெரியாமல் போய்விடும்.

டில்லி வழியாகத்தான் என்று ஆகிவிட்டால், ஒரு பக்கம் மட்டும் பிசினஸ் போடுங்கள், அதுவும் திரும்பி வரும்போது. போகும்போது உற்சாகம் இருக்கும், கங்கைப் படித்துறையெல்லாம் ஏறி இறங்கிய பிறகுதான் உடம்பு ஓய்வு கேட்கும். இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து சீட்டாக எடுங்கள், அப்பாவுக்கு ஜன்னல் வேண்டுமா, அம்மாவுக்கா என்று அவர்களிடமே கேட்டுவிடுங்கள். சென்னையில் ஏர் இந்தியாவின் உள்நாட்டு விமானங்கள் டி4 முனையம், கார் டிரைவரிடம் சொல்லி வையுங்கள்.

வாணியம்பாடி: பிசினஸுக்குப் பணம் கட்டியவரை விமான நிலையத்தில் எகானமிக்கு மாற்றினால்?

பதில்: உங்கள் சம்மதமில்லாமல் கீழ் வகுப்புக்கு மாற்றினால், உள்நாட்டுப் பயணத்துக்கு வரியோடு சேர்த்து டிக்கெட் விலையில் 75 சதவீதத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது விமானக் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதி. 2023 பிப்ரவரி 15 முதல் அமலில் இருக்கிறது. இரண்டு வகுப்புக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் தருகிறோம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பழைய போர்டிங் பாஸ், புதிய போர்டிங் பாஸ் இரண்டையும் போட்டோ எடுத்து வையுங்கள். தாமாகவே மாற்றிக்கொண்டதாக எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். பணம் வரவில்லை என்றால் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் 'ஏர்சேவா' தளத்தில் புகார் கொடுங்கள்.

கே.வி.குப்பம், மாணவர்: அக்கா, டில்லியில் சேர்ந்திருக்கிறேன். பெட்டி, படுக்கை எல்லாம் உண்டு. கூடுதல் பேக்கேஜுக்காக பிசினஸ்?

பதில்: வேண்டாம் தம்பி. எகானமியின் 15 கிலோவுக்கு மேல் வேண்டியதை முன்கூட்டியே ஆன்லைனில் வாங்கிவிடு, கவுண்டரில் கட்டுவதைவிடக் குறைவு. படுக்கையை டில்லியிலேயே வாங்கிக்கொள். புத்தகத்தைப் பார்சலில் அனுப்பு.

வாலாஜா: சென்னை–கோவை பிசினஸ் எப்படி?

பதில்: காட்பாடியில் கோவை எக்ஸ்பிரஸ் நிற்கிறது, ஏறி உட்காருங்கள். பறப்பது ஒரு மணி நேரம்தான், அதற்காகச் சென்னைக்குப் பின்னோக்கிப் போவதில் அர்த்தமில்லை. மதுரை, தூத்துக்குடி மாதிரி ஊர்களுக்கு ஓடும் சின்ன ஏடிஆர் விமானங்களில் பிசினஸ் பிரிவே கிடையாது.

சத்துவாச்சாரி, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்: எகானமி எடுத்துவிட்டுப் பிறகு மாற்றிக்கொண்டால் மலிவு என்கிறார்களே?

பதில்: பல நேரம் உண்மைதான் அய்யா. முன்னால் காலியாக இருந்தால், எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டு மெயில் வரும், இல்லாவிட்டால் வெப் செக்-இன் சமயத்தில் ஒரு விலை காட்டும். ஏர் இந்தியாவில் அடிக்கடி பறப்பவர்களுக்கான மகாராஜா கிளப் திட்டத்தில் புள்ளிகள் சேர்ந்திருந்தால் அதிலும் மாற்றலாம். பழைய கிளப் விஸ்தாரா கணக்கு வைத்திருந்தவர்களின் புள்ளிகளும் அங்கேதான் போயிருக்கின்றன, ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள்.

என் அளவு இது: பறக்கும் நேரம் இரண்டரை மணிக்கு மேல், மொத்தச் செலவு எகானமியைப் போல் இரண்டு மடங்குக்குள். இரண்டும் பொருந்தினால் உடம்பு நன்றாக இருப்பவரும் எடுக்கலாம். அதைத் தாண்டினால் பிரீமியம் எகானமியைப் பாருங்கள், 32 அங்குலம் இருக்கிறது. அந்த மெயிலில் நீங்கள் தரும் தொகையை எழுதும் முன், மாற்றிய டிக்கெட்டை ரத்து செய்தால் அந்தப் பணம் திரும்புமா என்று நிபந்தனையைப் படித்துவிடுங்கள். வீட்டு அம்மாவோடு போகிறீர்கள் என்றால் இருவருக்கும் சேர்த்துத்தான் கேளுங்கள், ஒரே பிஎன்ஆரில் இருந்தால்தான் அது நடக்கும்.