பிராங்கோ அல்பினி – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இத்தாலிய அறைகலன்களைப் பற்றிய தங்கள் கட்டுரையில் வடிவமைப்பாளர் பிராங்கோ அல்பினியை, கட்டடக்கலைஞரும் வடிவமைப்பாளருமான ஜியோ பொன்டிக்கு நிகராக வைத்திருந்தீர்கள். அவருடைய ‘வெலியேரோ’ புத்தக அடுக்கின் படத்தைத் தேடிப் பார்த்தேன். புத்தகம் வைக்கவே அஞ்சவேண்டிய அந்தப் பொருள், செல்வந்தர் வீட்டு அலங்காரம் என்பதற்கு மேல் என்ன?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வெலியேரோவை மட்டும் வைத்துப் பார்த்தால் உங்கள் ஐயம் நியாயமானதே. ஆனால் அது விற்பனைக்கென உருவானதன்று; 1940இல் மிலானில் அல்பினி தம் சொந்த வீட்டுக்காகச் செய்துகொண்ட சோதனை. சாய்ந்து நிற்கும் இரண்டு மரக்கம்பங்களிலிருந்து இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பிகளில் கண்ணாடித் தட்டுகளைத் தொங்கவிட்டு, எவ்வளவு குறைந்த பொருளைக் கொண்டு சுமையைத் தாங்க முடியும் என்று அவர் பார்த்தார். இன்று அதிகம் புழங்கும் படம் அதுவாகவே இருப்பது அவருடைய துரதிர்ஷ்டம்.

1905இல் பிறந்து, மிலான் பாலிடெக்னிக்கில் கட்டடக்கலை பயின்ற அல்பினி, தொடக்கத்தில் பொன்டியின் அலுவலகத்தில்தான் பணியாற்றினார். பொன்டி கைவைக்காத துறை இல்லை. அல்பினியோ ஒரே பொருளுக்குத் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தவர். ‘லூயிசா’ நாற்காலியைப் பல ஆண்டுகள் திருத்திய பிறகே, 1955இல் அதற்கு இத்தாலியின் புகழ்பெற்ற வடிவமைப்பு விருதான கொம்பாசோ தோரோ கிடைத்தது. அதைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். இரு கால்களும் கைப்பிடியும் சேர்ந்து ஒரு மரச்சட்டமாக நிற்க, இருக்கையும் சாய்மானமும் அத்தகைய இரண்டு சட்டங்களுக்கு நடுவே தனித்தனியாகப் பொருத்தப்பட்டிருப்பதால், எது தாங்குகிறது, எது தாங்கப்படுகிறது என்பது ஒளிவுமறைவின்றித் தெரியும்.

செல்வந்தருக்கானவை என்னும் குற்றச்சாட்டில் பாதியை ஏற்கிறேன். பாவியா நகரின் பொஜ்ஜி பட்டறையில் தச்சர்களின் கைத்திறனை நம்பி உருவான அறைகலன்கள் எளியோர் வீட்டுக்குப் போயிருக்கும் என்று நான் வாதிட மாட்டேன். ஆயினும் அவரே 1951இல் பொனாசினா நிறுவனத்துக்காக, கால்களே இல்லாமல் பிரம்புச் சட்டகமே கீழிறங்கித் தரையில் ஊன்றும் ‘மார்கரீத்தா’ நாற்காலியை மலிவான பிரம்பில் வடிவமைத்தார்.

மீதிப் பாதிக்கு விடை மிலான் மெட்ரோவில் இருக்கிறது. 1964இல் திறக்கப்பட்ட அதன் முதல் தடத்தின் நிலையங்களை அல்பினியும் அவருடைய கூட்டாளி பிராங்கா ஹெல்கும் வடிவமைக்க, வழிகாட்டிப் பலகைகளை வரைகலை வடிவமைப்பாளர் பாப் நோர்டா அமைத்தார். படிக்கட்டு நெடுக முறியாமல் ஓடி, முடியும் இடத்தில் வளைந்து திரும்பும் சிவப்புக் குழாய்க் கைப்பிடியில், லூயிசாவைத் திருத்திய அதே கை தெரிகிறது. வேலைக்கு விரையும் எவரும் பற்றிக்கொள்ளும் அந்தக் கைப்பிடி உள்ளிட்ட நிலைய வடிவமைப்புக்காக, அதே ஆண்டில் மூவருக்கும் சேர்த்துக் கொம்பாசோ தோரோ வழங்கப்பட்டது.