சிலிக்கன் போத்தலுக்குக் காசு கொடுப்பதற்கு முன்

நுவரெலியா மாவட்டத்து வலப்பனைப் பக்கம் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: அரை ஏக்கர் தட்டு வயல், போன பெரும்போகத்தில் கதிரின் கழுத்து கறுத்துப் பாதி பதராகிவிட்டது. 'சிலிக்கன் குறைபாடு' என்று சொல்லி ஒரு ஏஜென்ட் லீற்றர் போத்தல் கொண்டுவந்து காட்டுகிறார், மூன்று தடவை இலைக்கு அடிக்க வேண்டுமாம். வாங்கலாமா? சிலிக்கன் என்றால் மணல்தானே, சோற்றில் வந்துவிடாதா?

வாங்காதீர்கள். சோற்றைப் பற்றியும் கவலை வேண்டாம், நெல்மணிக்குப் போவது பெரும்பாலும் உமியோடு போய்விடும், தீட்டிய அரிசியில் மிகக் கொஞ்சம்தான்.

நெல் சிலிக்கனை எடுப்பது வேரால். மண்ணில் தண்ணீரோடு கரைந்திருக்கும் சிலிசிக் அமிலத்தை உள்ளே விட நெல்வேரில் தனி வாசலே உண்டு, அதற்கான மரபணுவை ஜப்பான் ஆய்வாளர்கள் 2006ல் கண்டுபிடித்தார்கள். அது தண்ணீரோடு இலைக்கு ஏறுகிறது, இலை தண்ணீரை ஆவியாக விட்டுவிடுகிறது, மிச்சம் நிற்பது கேத்தலுக்குள் உப்புப் படிகிற மாதிரி இலைத்தோலுக்கு அடியிலும் கலங்களின் சுவரிலும் படிந்து இறுகிவிடுகிறது. காய்ந்த வைக்கோல் இலை ஒன்றைக் கொளுத்திப் பாருங்கள், சாம்பல் இலையின் உருவத்திலேயே வரிவரியாக நிற்கும், ஊதினால்தான் உடையும். அதில் பெரும்பகுதி சிலிக்காதான். இப்படிப் படிந்தது பிறகு அசையாது, பழைய இலையில் இருப்பது கதிருக்குப் போய் உதவாது, அதனால் நட்டதில் இருந்து கதிர் வரும் வரைக்கும் வேருக்கு அது கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கிடைத்தால் எரிபந்தப் பங்கசு (கதிரின் கழுத்தைக் கறுக்கவைக்கும் நோய் அதனால்தான்) உள்ளே துளைப்பது கஷ்டம், தண்டுத் துளைப்பான் புழுவுக்கும் பல் தேயும், பயிரும் லேசில் சாயாது.

இப்போது கணக்கைப் பாருங்கள். நன்றாக விளையும் ஒரு ஏக்கர் நெல் ஒரு போகத்தில் மண்ணிலிருந்து நூறு கிலோவுக்குக் குறையாமல் சிலிக்கன் எடுக்கும். ஏஜென்டின் போத்தலில், லேபிள் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், சில நூறு கிராம். அந்த வித்தியாசத்தை அவர் சொல்ல மாட்டார். 2021ல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்து சனங்கள் தவித்தபோது 'திரவம்' என்று பேர் போட்டு எதையெல்லாமோ தலையில் கட்டினார்கள், அதே வாய்தான் இன்றைக்கு 'நானோ சிலிக்கன்' என்கிறது. இதே போத்தலைத் தக்காளிக்கும் அடிக்கச் சொல்வார்கள், தக்காளி சிலிக்கனைக் கிட்டத்தட்ட எடுப்பதே இல்லை! லேபிளில் எத்தனை வீதம் என்று போடாத போத்தலைக் கையில்கூட வாங்காதீர்கள், கடனுக்குத் தருகிறேன் என்றால் இன்னும் வாங்காதீர்கள்.

இலைக்கு அடிப்பதில் ஒன்றுமே இல்லையா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. பொட்டாசியம் சிலிக்கேற்றை நன்றாக நீர்விட்டு அடித்தால் அது இலையின் மேல் ஒரு படலமாக நின்று பங்கசின் வித்திகளைக் கொஞ்சம் தடுக்கும், ஆனால் அது மேற்பூச்சு, இலைக்குள் சேர்வது அல்ல. வெயில் நாளில் அடித்து, மழை இல்லாமல் இருந்து, நோய் தொடங்குவதற்கு முன்பே அடித்திருந்தால்தான் அந்தக் கொஞ்சமும். மார்கழி, தை மழையில் உங்கள் பக்கம் அது எத்தனை நாள் நிற்கும்? இன்னொன்று, அது கடும் காரம், மற்ற மருந்தோடு ஒரே டாங்கியில் கலந்தால் அந்த மருந்தும் கெடும், இலையும் கருகலாம். கழுத்து கறுத்த பிறகு அடித்துப் பிரயோசனமே இல்லை.

சரி, என்ன செய்யலாம்? சூடடித்த பிறகு வைக்கோலைக் களத்தில் குவித்துக் கொளுத்துவதை நிறுத்துங்கள். பயிர் எடுத்த சிலிக்கனில் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது, வயலில் பரப்பி உழுதுவிட்டால் மெதுவாகக் கரைந்து திரும்பி வரும். போன போகத்து வைக்கோலில் கடும் எரிபந்தம் இருந்தால் அதை மக்கவைத்துப் போடுங்கள். மில்லில் உமி கிடைத்தால் கரியாகும் அளவுக்கு மட்டும் சுட்டு, உழும்போதே போடுங்கள். கடும் சூட்டில் வெள்ளைச் சாம்பலாகும் வரை எரித்தால் சிலிக்கா படிகமாகி லேசில் கரையாமல் போகலாம், அந்தத் தூசி நெஞ்சுக்கும் கூடாது. அப்புறம் யூரியா எவ்வளவு போட்டீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. யூரியா கூடி, குளிர்ந்த இரவும் விடியற்காலைப் பனியும் சேர்ந்தால் எரிபந்தத்துக்குக் கொண்டாட்டம், சிலிக்கன் மட்டும் அதைத் தடுக்காது.

மலைச்சரிவு மண் காலங்காலமாக மழையில் கழுவப்பட்ட மண், சிலிக்கன் குறைவாக இருக்க இடமுண்டு. அதைச் சோதித்துப் பார்க்கலாம் என்று போனால் படிவத்தில் அமிலத்தன்மை, பொஸ்பரஸ், பொட்டாஷ் என்று இருக்கும், சிலிக்கனுக்குக் கட்டமே இல்லை. ஜப்பான் 1955லேயே சிலிக்கேற்றைப் பசளையாக ஏற்றுக்கொண்டது. இங்கே தமிழில் ஒரு துண்டுப்பிரசுரம் கேட்டால் 'முடிந்துவிட்டது, அடுத்த மாதம் வாங்க' என்கிறார்கள், அந்த இடைவெளியில்தான் ஏஜென்ட் நுழைகிறார். இருந்தாலும் அடுத்த நடுகைக்கு முன் விவசாயப் போதனாசிரியரைப் பிடித்து, எரிபந்தம் தாங்கும் விதைநெல் உங்கள் உயரத்துக்கு எது என்று கேட்டு வையுங்கள்.