தொப்புள்கொடி இரத்தத்தை ஏன் சேமிக்கிறார்கள்?

குழந்தை பிறந்து கொடியை வெட்டியபின், கொடியிலும் நஞ்சுக்கொடியிலும் தங்கிவிடும் இரத்தம் இது. கொடியின் இரத்தக்குழாயில் ஊசி குத்தி, உறைவதைத் தடுக்கும் மருந்துள்ள பைக்குள் வடியவிடுவார்கள். பெரும்பாலும் 50 முதல் 100 மி.லி. தேறும். பிறகு திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் வைப்பார்கள்.

இதிலுள்ள ஸ்டெம் செல்கள், அதாவது எல்லா இரத்த அணுக்களையும் உண்டாக்கும் மூல அணுக்கள், உறைமோர் மாதிரி. நோயாளியின் எலும்பு மஜ்ஜைக்குள் போய்ப் பெருகி, புது இரத்தத்தை உண்டாக்கும். ஆனால் ஒரு கரண்டி மோர் அண்டாப் பாலுக்குப் போதாதே. பெரியவர்களின் எடைக்கு ஒரு பை பல நேரம் பற்றுவதில்லை. 1988-ல் பாரிஸில் ஃபான்கோனி இரத்தசோகை (மஜ்ஜை இரத்தம் உண்டாக்கத் தவறும் பரம்பரை நோய்) உள்ள சிறுவனுக்குத்தான் முதன்முதலில் இது செலுத்தப்பட்டது. கொடுத்தது அவன் தங்கை.

தன் கொடி இரத்தம் தன்னையே எந்த நோயிலிருந்தும் காக்கும் என்பது தவறு: தலசீமியா போன்ற பரம்பரை நோயில் அதிலும் அதே பழுது இருக்கும், அந்த நோயில்லாத, பொருந்துகிற உடன்பிறப்பின் இரத்தம் உதவலாம்.