குன்னூர் வீட்டில் பூஞ்சணம்: பெரிய சுத்தத்தை எப்போது, எங்கே தொடங்குவது?

குன்னூரில் பழைய வீட்டுக்குக் குடிவந்திருக்கிறீர்கள், துணிகளில் பூஞ்சண வாடை போகவில்லை, எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் காலத்தைப் பாருங்கள். குன்னூருக்கு வடகிழக்குப் பருவமழையிலும் நல்ல மழை உண்டு. நவம்பரில் துவைத்த கம்பளி காயாமலே நாறும். தை, மாசி வெயில்தான் நமக்குக் கிடைத்த வரம். பெரிய வேலையை அப்போது வையுங்கள்.

பீரோவிலிருந்து தொடங்குங்கள். வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் பீரோவை ஒரு சாண் முன்னால் இழுங்கள். குளிர்ந்த சுவரில் காற்றின் ஈரம் நீராகப் படிகிறது. காற்றோட்டமில்லாத அந்த இடுக்கில்தான் பூஞ்சணம் வளர்கிறது. அதை உலர்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள், வித்துகள் வீடெங்கும் பறக்கும். முகக்கவசம் அணிந்து, சோப்பு நீர் நனைத்த துணியால் துடைத்து, நன்றாக உலர விடுங்கள். பிளீச்சிங் பவுடரோடு வினிகரையோ கழிப்பறை அமிலத்தையோ ஒருபோதும் கலக்காதீர்கள்; நச்சான குளோரின் வாயு வரும்.

கழிப்பதில் கண்டிப்பாக இருங்கள். பூஞ்சணம் ஊறிய பஞ்சு மெத்தை தேறாது. நல்ல ஸ்வெட்டர்களைத் துவைத்து, தேவைப்படுவோருக்குக் கொடுங்கள். போகிக்கு பிளாஸ்டிக்கை எரிக்க வேண்டாம், தயவுசெய்து. குளிர்ந்த விடியலில் அந்தப் புகை மேலெழாமல் பள்ளத்து வீடுகளிலேயே தங்கிவிடுகிறது.