சுவருக்கு வெளியே கச்சான் ஆச்சி

ஐயா, வணக்கம்.

ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வர்ணனையாளர் ரிச்சி பெனோ பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். அவர் பேசாமல் இருந்த இடங்களையே அதிகம் புகழ்ந்திருக்கிறீர்கள். பேசாமல் இருப்பதற்கு வர்ணனையாளர் எதற்கு? என் அப்பா இன்றும் தொலைக்காட்சியின் ஒலியை நிறுத்திவிட்டு வானொலியைத்தான் வைப்பார்.

ஒரு வாசகர், களுவாஞ்சிக்குடி

அன்புள்ள தம்பி,

உங்கள் அப்பாவின் கட்சியில் நானும் பாதி உறுப்பினன்.

பெனோ 63 டெஸ்ட் ஆடி 248 விக்கெட் எடுத்தவர். ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே, 1956இல், பிபிசியில் பயிற்சி பெற்றார். படத்தில் தெரிவதைத் திருப்பிச் சொல்லக் கூடாது என்பது அவருடைய பிடிவாதம். 2005 செப்டெம்பரில் ஓவல் மைதானத்திலிருந்து இங்கிலாந்து நேயர்களிடம் விடைபெற்றுக்கொண்டிருந்தபோது, மெக்ராத்தின் பந்தில் பீட்டர்சனின் ஸ்டம்ப் சாய்ந்தது. விடைபெறுவதை அப்படியே நிறுத்தி விக்கெட்டைச் சொன்னார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். நம் ஊர் விழாக்களில் நன்றியுரை சொல்பவர்களை ஏனோ நினைத்துக்கொண்டேன்.

ஆனால் உங்கள் கேள்விக்குரிய ஆள் மேற்கிந்தியத் தீவுகளில் உள்ள பார்படோஸின் டோனி கோசியர். ஒரு டெஸ்ட்கூட ஆடாதவர்; பத்திரிகைக்காரர். 1965இல் வானொலியில் டெஸ்ட் வர்ணனையைத் தொடங்கி, பின்னர் தொலைக்காட்சிக்கும் போய், 2016இல் இறக்கும்வரை இரண்டிலும் தேர்ந்தவராகவே இருந்தார். அவர் வெள்ளையர் என்பது, குரலை மட்டும் கேட்டுப் பழகிய பலருக்கு நேரில் கண்டபோதுதான் தெரிந்தது. வானொலி நேயருக்கு யார் எங்கே நிற்கிறார், காற்று எந்தப் பக்கம் என்பதெல்லாம் வேண்டும். அதே பேச்சைத் தொலைக்காட்சியில் பேசினால் அலுப்பு. ஒரு வாய்க்கு இரண்டு தொழில். பலர் ஒன்றோடு நின்றுவிடுகிறார்கள்.

1996 மார்ச் 17 இரவு நான் மட்டக்களப்பின் படுவான்கரையில் ஓர் உறவினர் வீட்டில் இருந்தேன். மின்சாரம் இல்லை. வெயிலில் காயவைத்து உயிர்கொடுத்த பற்றரிகளோடு ஒரு வானொலி, அதைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர். உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் அரவிந்த டி சில்வா எடுத்த 107 ஓட்டங்களை அப்படித்தான் 'பார்த்தேன்'. பல ஆண்டுகள் கழித்து அதே ஆட்டத்தைத் திரையில் கண்டபோது லாகூர் மைதானம் சிறுத்துப்போயிருந்தது.

பிறகு நானும் ஒருமுறை ஒலிவாங்கி பிடித்தேன், கல்லடியில் ஒரு மென்பந்துச் சுற்றுப்போட்டியில். பெனோவின் சீடன் என்ற நினைப்பில் அளந்து பேசினேன். நல்ல அடிக்கு ஒரு சொல், மற்றபடி மௌனம். பத்தாவது ஓவரில் சுவருக்கு வெளியே கச்சான் விற்றுக்கொண்டிருந்த ஆச்சி கத்தினார்: "மனே, எத்தனை விக்கெட் போயிற்று? வாயில் என்ன, கச்சானா?"

அதன்பின் ஓவருக்கு இரண்டு தடவை எண்ணிக்கையைச் சொன்னேன். உள்ளே இருந்தவர்களுக்கு அது பெரிய தொல்லையாக இருந்ததாம். அடுத்த ஆண்டு வேறொருவரைக் கூப்பிட்டார்கள்.