ஊர் ஏக்கமா, மனச்சோர்வா?

தம்பி, வெளிநாடு வந்து ஏழு மாதம் ஆகிறது, அதிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, குளிப்பதே மலையாகத் தெரிகிறது, வீட்டிலிருந்து போன் வந்தால் எடுக்கப் பிடிக்கவில்லை, இது ஊர் ஏக்கம்தானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஊர் ஏக்கம் வரும், போகும். நடுவில் யாராவது நகைச்சுவை சொன்னால் சிரிப்பு வரும், பசியும் எடுக்கும். மனச்சோர்வில் அந்த இடைவெளி கிடைப்பது அரிது. சோகமோ, எதிலும் நாட்டமின்மையோ, இரண்டில் ஒன்றாவது அநேகமாகத் தினமும் 2 வாரத்துக்கு மேல் நீடித்து, கூடவே தூக்கம், பசி, கவனம் கெட்டிருந்தால் டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும். நீங்கள் சொல்வது இந்தப் பக்கம்தான் சாய்கிறது.

"மனசு வரட்டும், அப்புறம் செய்யலாம்" என்று காத்திருப்பதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். இந்த நோயில் மனசு முதலில் வராது. கைகால் முன்னே போனால்தான் அது பின்னால் வரும். அதனால் வேலையைக் கூச்சப்படும் அளவுக்குச் சின்னதாக வெட்டுங்கள். 'குளியல்' என்று எழுதாமல் 'முகம் கழுவி, சட்டை மாற்று' என்று எழுதுங்கள். பாத்திரம் குவிந்திருந்தால் ஒரு தட்டு, ஒரு டம்ளர் போதும். ஒரு நாளைக்கு மூன்று வரி, ஒவ்வொன்றுக்கும் நேரம். முடித்ததும் மனநிலைக்கு 0 முதல் 10 வரை ஒரு எண் போடுங்கள். எது உங்களைக் கொஞ்சம் தூக்கிவிடுகிறது என்று வாரக் கடைசியில் தாளே சொல்லும். தெம்பான ஒரு நாளில் தேங்கியதையெல்லாம் செய்து தீர்த்துவிட்டு, அடுத்த இரண்டு நாள் படுத்துவிடுபவர்கள் நிறைய. நல்ல நாளிலும் அதே மூன்று வரிதான்.

தூங்கப்போகும் நேரத்தைவிட எழும் நேரத்தைப் பிடித்துவையுங்கள், விடுமுறை நாளிலும். மூன்று மணிக்கு விழித்தால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். கிட்டத்தட்ட 20 நிமிடம் புரண்டது போலிருந்தால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்து, கண் சொக்கியதும் திரும்பப் படுங்கள். ஊரில் இந்நேரம் விழித்திருப்பார்கள் என்று போனைத் திறந்தால் அன்றைய தூக்கம் போயிற்று. மதுவும் அப்படித்தான்: முதலில் தூங்கவைக்கும், பின்னிரவில் எழுப்பிவிடும்.

விடிந்ததும் 20, 30 நிமிடம் வெளியே நடங்கள். வானம் மூடியிருந்தாலும் வெளியே இருக்கும் வெளிச்சம் வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு. குளிர்கால இருட்டில் மட்டும் சோர்வு வருகிறவர்களுக்கு 10,000 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) தரும் சிகிச்சை விளக்கு உதவும்: காலையில் 30 நிமிடம், நேராக உற்றுப் பார்க்காமல். மாலையில் வைத்தால் தூக்கம் கெடும். கண் நோயோ, கட்டுமீறிய உற்சாகக் கட்டங்களோ இருந்தவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டே தொடவேண்டும்.

டாக்டரிடம் நம் ஆட்கள் செய்யும் பிழை ஒன்று உண்டு. தலைவலி, உடம்பு அலுப்பு, வாயு என்று மட்டும் சொல்வார்கள். வலி மாத்திரையோடு திரும்புவார்கள். எத்தனை வாரமாக, எத்தனை மணிக்கு விழிப்பு, எடை குறைந்ததா, எதைச் செய்வதை நிறுத்திவிட்டீர்கள் என்று நாலு வரி எழுதிக்கொண்டு போய் நீட்டுங்கள். மொழி தடையானால் நேரம் வாங்கும்போதே மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று கேளுங்கள். சொந்தக்காரரை உட்காரவைத்தால் பாதியை விழுங்கிவிடுவீர்கள். தைராய்டு குறைவும் ரத்தசோகையும் இதே முகத்தோடு வரும் என்பதால் ரத்தப் பரிசோதனை பற்றியும் கேளுங்கள். மனநல ஆலோசகரிடம் பேசிப் பெறும் சிகிச்சை மட்டுமே போதுமானவர்களும் உண்டு. மனச்சோர்வுக்கு மாத்திரை தந்தால் பலன் தெரிய 2 முதல் 6 வாரம் பிடிக்கலாம்; வயிற்றுப் புரட்டல் போன்ற பக்கவிளைவு அதற்கு முன்பே வந்துவிடும். அந்த முதல் வாரங்களில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். தேறிய பிறகும் நீங்களாகத் திடீரென நிறுத்தக் கூடாது.

துணைக்கு ஒருவர் போதும். "நான் நல்லா இல்ல. அறிவுரை வேண்டாம், ஞாயிறு அஞ்சு மணிக்கு என்னோடு நடக்க வாங்க" என்று அனுப்பிப் பாருங்கள், என்ன செய்வதென்று தெரிந்தால் மனிதர்கள் வருவார்கள். வீட்டுக்கு வாரம் இரண்டு நாள், பத்து நிமிடம் என்று முன்பே சொல்லிவைத்தால் போன் அடிக்கும்போதெல்லாம் குற்ற உணர்வு குத்தாது.

செத்துவிடலாம் என்ற நினைப்பு வந்தால் மட்டும் இந்த எதற்கும் காத்திருக்காதீர்கள். அந்த நாட்டு அவசர எண்ணை அழையுங்கள், அல்லது மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். அந்த எண்ணையும், எந்நேரமும் எழுப்பக்கூடிய ஒருவரின் எண்ணையும் இப்போதே போனில் மேலே வையுங்கள். அப்படி ஏற்கெனவே தோன்றியிருந்தால், நேரம் வாங்கப் போன் செய்யும்போது அதைத்தான் முதலில் சொல்லவேண்டும்.